தப்பாக அடிக்கச் சொன்னேன்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மலைமேல் அட்டுவம்பட்டியில் ஒரு காட்டேஜுக்கு முன்பதிவு இணையதளம் எழுதிக் கொடுத்தேன். பயணிகள் நிரப்பும் விவரத்தில் தவறு இருந்தால் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பும் நிரல்தான் அதில் என் பெருமை.

அங்கே காவலுக்கு இருந்தவர் குரங்குக் குல்லாவும் பச்சை ஸ்வெட்டரும் போட்ட ஒல்லியான மனிதர். காலி அறையாக இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவார்.

"அண்ணே, வேணும்னே தப்பா அடிங்க. என் நிரல் கண்டுபிடிக்குதான்னு பாப்போம்" என்று லேப்டாப்பை அவரிடம் தள்ளினேன்.

போன் நம்பர் கேட்ட இடத்தில் 'தெரியாது' என்று அடித்தார். திரை சிவந்தது.

"வெவரமாத்தான் வளத்திருக்கீங்க பாப்பா" என்று சிரித்தார்.

அடுத்து நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். 'முன்பதிவு ஏற்கப்பட்டது' என்று வந்தது. ஒரு பெண்ணின் பெயர், இரண்டு பேர், பொங்கலுக்கு மறுநாள்.

"தப்பா அடிக்கச் சொன்னா எல்லாம் சரியா அடிச்சிருக்கீங்களே?"

"தப்புத்தான் பாப்பா. அது எம் பொண்டாட்டி பேரு. கோவிச்சுக்கிட்டு ஒட்டன்சத்திரத்துக்கு எறங்கிப் போனவ, இனி எங்க வரப்போறா?" என்றவர், எழுந்து போகும்போது, "அழிச்சிராதீங்க, கெடக்கட்டும்" என்றார்.

தளத்தைத் திறக்குமுன் மற்ற சோதனைப் பதிவுகளை அழித்தேன். அதை விட்டுவிட்டேன்.

பொங்கல் கழிந்து, மதுரையிலிருந்து அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். பயணி வந்தாரா என்று காவல்காரர் குறிக்க வேண்டிய 'வந்தார்', 'வரவில்லை' என்ற இரண்டு பொத்தான்களில் எதையும் அவர் தொட்டிருக்கவில்லை. போன் போட்டுக் கேட்க இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.