முதலில் சோறு, பிறகு வீட்டுத் திட்டம்

மஸ்ஜித் தானா ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து மக்களுக்கு மலிவு விலை வீடு வரப்போகிறது என்ற செய்தி, ஜெயமணிக்குத் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலேயே வந்துவிட்டது. வீடுதான் வரவில்லை. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, வீட்டைப் பற்றிய விளக்கக் கூட்டம் தவறாமல் வந்தது.

நகராண்மைக் கழக உறுப்பினர் பரமேஸ்வரன் அதில் கெட்டிக்காரர். கோயில் மண்டபத்தில் அவர் மைக்கைப் பிடித்தால் திரையில் மாடி மாடியாகப் படம் ஓடும். படத்தில் பூச்செடி, ஊஞ்சல், பந்து விளையாடும் பிள்ளைகள். கட்டாத வீட்டுக்கு இவ்வளவு வசதியை வேறு யார் செய்து தருவார்கள்?

மண்டபமும் நிரம்பிவிடும். தம் பேச்சைக் கேட்கத்தான் இத்தனை பேர் என்று பாவம், அவர் நம்பியிருந்தார். பேச்சு முடிந்த பிறகுதான் சாப்பாடு என்பது அங்கே வழக்கம். சமைப்பது ஜெயமணி.

அவள் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே பிறந்தவள். செங் ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்டு மாற்றி மாற்றி உழைத்து இரண்டு தம்பிகளையும் ஆளாக்கினாள். அவர்கள் ஜொகூரில் வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது இவள்தான் போய்ச் சமைத்தாள். "அக்கா கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று பாராட்டி, பாத்திரத்தையும் கழுவ வைத்து, பஸ் ஏற்றி அனுப்பினார்கள். பெண் கேட்டும் சிலர் வந்தார்கள். முதலில் அப்பா படுக்கையில், அப்புறம் அம்மா. வந்தவர்கள் பலகாரத்தை ருசி பார்த்தார்கள், படுக்கையைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். பெற்றவர்கள் கண்ணை மூடிய பிறகு தொழிற்சாலையை விட்டுவிட்டுச் சமையலில் இறங்கினாள்.

இப்போது அதிசயம் நடந்தது. கட்டடம் நிஜமாகவே எழும்பிவிட்டது. ஆண்டு முடிவதற்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீடு குடும்பத்துக்கு என்றார்கள். புருஷனும் இல்லாத, பிள்ளையும் இல்லாத தனி ஆளுக்கு உண்டா? ஜெயமணி ஒவ்வொரு கூட்டத்திலும் இதைத்தான் கேட்டாள்.

"அருமையான கேள்விக்கா! மேலிடத்துல பேசிக்கிட்டு இருக்கோம்" என்பார் பரமேஸ்வரன். உடனே கைதட்டல் மண்டபத்தைப் பிளக்கும். கைதட்டினால் பேச்சு முடியும், பேச்சு முடிந்தால் சோறு வரும் என்று சனங்களுக்குத் தெரியாதா?

அந்த மாதக் கூட்டத்தன்று அவர் "அன்பார்ந்த பெரியோர்களே" என்று தொடங்கியதுதான் தாமதம், ஜெயமணி கோழிப் பிரட்டல் சட்டியின் மூடியைத் திறந்தாள்.

கூடமாட வேலை செய்யும் அடுத்த வீட்டு முனியாயி பதறினாள். "என்னாடி இது? அவரு இன்னும் வணக்கமே சொல்லி முடிக்கல!"

"பிரட்டல் ஆறிப்போவும். அவரு வணக்கம் ஆறாது. நீ தட்ட எடு."

வாசம் முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. கோயில் தலைவர்தான் முதலில் எழுந்தார். "சுகர் மாத்திரை போட்டுட்டேன்லா, நேரத்துக்குச் சாப்புடணும்." அன்றைக்கு ஊரில் எத்தனை பேருக்குச் சுகர் என்று அப்போதுதான் தெரிந்தது! சாப்பிட்டார்கள், வீட்டுக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டார்கள், கிளம்பினார்கள். மூன்றாவது மாடி லிப்டைப் பற்றிப் பரமேஸ்வரன் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

ஜெயமணி மைக்கை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க தம்பி. கைதட்ட ஆளு இல்ல. தனி ஆளுக்கு வீடு உண்டா, இல்லியா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இல்லக்கா."

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்தே அப்படித்தான்."

"அப்ப மேலிடத்துல இவ்வளவு நாளா என்னாதான் பேசினீங்க?"

"பேசலக்கா. இல்லேன்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"ரொம்பத்தான் எம்மேல பாசம்!"

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு வேறு கணக்குப் போட்டது. இந்த வயதில் எந்தத் தம்பி வீட்டு அடுப்படியில் போய்ப் பாய் விரிப்பது? விட்டுவிட மனமில்லை.

"வேற வழியே இல்லியா?"

"மேல்முறையீடு செய்யலாம். உறுப்பினரு நேர்ல வந்து பேசினா பாப்பாங்க."

"நீங்க யாரு?"

"உறுப்பினருதான். ஆனா ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்களே."

"சரி தம்பி. அடுத்த கூட்டம் எப்ப?"

"அடுத்த மாசம். மேலிடத்துத் தலைவரு டத்தோ வர்றாரு."

"வரட்டும். அன்னிக்கும் சோறு மொதல்ல."

பரமேஸ்வரன் காலி நாற்காலிகளைப் பார்த்தார். நடுவில் டத்தோ மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அக்கா, வெளையாடாதீங்கலா!"

"சனங்க பசியோட இருக்கக் கூடாதுன்னு போன கூட்டத்துல நீங்கதானே பேசுனீங்க?"

திங்கட்கிழமை காலையில் அவருடைய கார் லயத்து வாசலில் வந்து நின்றது. கதவைக்கூட அவரே திறந்துவிட்டார். வீட்டு வசதி அலுவலகத்தில் ஜெயமணிக்காக நின்று பேசினார்; பிறகு விடாமல் போன் போட்டு நச்சரித்தார். வீட்டுக் கொள்கையில் அந்த மனிதருக்கு இத்தனை அக்கறை இருந்தது அவருக்கே புதிதாகத்தான் இருந்திருக்கும். டத்தோ வருவதற்கு இரண்டு நாள் முன்னால் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அக்கா, கெடைச்சிருச்சி! நாலாவது மாடி!"

ஜெயமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லிப்டு ஓடுமா தம்பி?"

"ஓடும்னுதான் திட்டத்துல இருக்கு."

"அப்ப முட்டிக்குத் தைலம் வாங்கி வச்சிக்கிறேன்" என்றாள்.