பத்துப் பேர் மேசை

சித்திக்கு வந்த வரனைக் கெடுத்தவள் என்ற பெயரை ஒன்பது வயதிலேயே வாங்கியவள் நான். அதற்குக் காரணம் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு நடிகர். அவரைவிடப் பெரிய காரணம் என் சந்தேக புத்தி.

அப்பா எங்களைச் சினிமாவுக்குக்கூடக் கூட்டிப் போகாதவர். அவர் ஒருநாள், மெர்கோங்கில் நடிகரோடு விருந்து, மேடையில் அவர் பேசவும் போகிறார், எல்லோரும் கிளம்புங்கள் என்றார். எனக்கு அப்போதே பொறி தட்டியது. எங்கள் ஊர் லூனாஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போய்ச் சோறு தின்கிற குடும்பமா நாங்கள்? போதாததற்கு, பெட்டியை விட்டு வெளியே வராத தன் நாலு பவுன் செயினை எடுத்து அம்மா தன் தங்கைக்கு மாட்டிவிட்டாள். சித்தி அப்போது எங்களோடு தங்கி ஃபேக்டரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் ஒரு மேசைக்குப் பத்துப் பேர். நாங்கள் நால்வர். மீதி ஆறு நாற்காலிகளில் செமிலிங்கிலிருந்து வந்த ஒரு குடும்பம். முன்பின் தெரியாதவர்கள் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். தெரியாதவர்களிடம் அப்பா ஏன் அவ்வளவு குழைய வேண்டும்? பூப்போட்ட பாத்திக் சட்டை அணிந்திருந்த அவர்கள் வீட்டு அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவருடைய அம்மா தலையைக் குனியவே இல்லை. மேசை நடுவில் பதார்த்தங்கள் வைத்திருந்த சுழல் கண்ணாடித் தட்டைத் திருப்பி, மீனைச் சித்தி முன்னால் நிறுத்தி, எல்லோருக்கும் பரிமாறச் சொன்னார். பிறகு என்ன வயது, வேலையில் நைட் ஷிப்டு உண்டா என்று விசாரணை. போலீஸ்கூட அப்படிக் கேட்காது.

சித்தி சிரித்த முகத்தோடு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"அந்த ஆன்ட்டி செயினையே பாக்குறாங்க லா. உங்கம்மாவோடது. நீ ஒரு கண்ணு வச்சுக்க."

ஒரு கண் என்ன, இரண்டையும் வைத்தேன்.

நடிகர் மேடையேறினார். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்ததால் அவர்தானா என்றுகூட எனக்குச் சந்தேகம். கிளிசரின் இல்லாமல் அழுவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தவர், எல்லோரும் கண்ணை மூடி மனசுக்குப் பிடித்தவரை நினையுங்கள் என்றார். மண்டபமே அடங்கிப் போனது. நான் மூடவில்லை. அந்த ஆன்ட்டியும் மூடவில்லை. பக்கத்திலிருந்த சித்தியின் கழுத்துக்கு மெல்லக் கையை நீட்டி, செயினை விரலில் ஏந்தி எடை பார்த்தார்.

"எங்கம்மா செயின விடுங்க!" என்று கத்தினேன். "அது சித்தியோடது இல்ல. எங்கம்மா போட்டுக்கக் குடுத்தது."

நடிகர் பேச்சை நிறுத்திவிட்டார். மண்டபம் முழுக்க எங்கள் மேசையைத் திரும்பிப் பார்த்தது. ஆன்ட்டி கையை இழுத்துக்கொண்டு, இரவல் நகையா என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். ஐஸ்கிரீம் வருவதற்குள் ஆறு நாற்காலிகளும் காலி.

காரில் ஏறியதும் அம்மா என் தொடையைத் திருகினாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்கடி அவங்க. வீட்டுக்கு வரச்சொன்னா இவ மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறான்னு, இவகிட்டகூடச் சொல்லாம ஏற்பாடு பண்ணோம். எல்லாத்தையும் கெடுத்துட்டியே."

பின்சீட்டில் சித்தி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. என்னால் சித்தியின் வாழ்க்கையே போய்விட்டதே என்று விக்கி விக்கி அழுதேன். அவள் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு வீடு வரும்வரை முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அடுத்த வருடம், தன்னோடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவரை ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மெல்லிய செயினை என் கழுத்தில் போட்டாள். எதற்கு என்று கேட்டேன். சிரித்தாள். என் மேல் கோபமில்லை என்று காட்டத்தான் போலும் என நினைத்துக்கொண்டேன்.

அன்று அந்த மேசையில் கண்ணை மூடாதவர்கள் நானும் ஆன்ட்டியும் மட்டும்தான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். பிறகொரு நாள்தான் நினைவுக்கு வந்தது: நான் கத்துவதற்கு முந்தின நொடியில் சித்தி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நடிகரையே சந்தேகப்பட்ட எனக்கு, அவளைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.