மாவ்பியில் கொடுக்காத தண்ணீர்

ஓட்டத்தில் இருக்கும் சைக்கிள்காரனுக்குத் தண்ணீர் கொடுப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை மாவ்பி சாலையோரம் வந்து நின்று பார்க்க வேண்டும். பாட்டிலின் கழுத்தை மூன்று விரல்களால் தொட்டும் தொடாமலும் பிடித்துக் கையை நீட்ட வேண்டும். அவன் கை வந்து மோதுகிற நொடியில் விரல்கள் தாமாக விட்டுவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் போச்சு, பாட்டில் தரையில் உருளும். பந்தயத்தில் சைக்கிள் ஓட்டும் என் தம்பியின் பயிற்சியாளர், நாங்கள் ஸயா, அதாவது வாத்தியார், என்று கூப்பிடுகிறவர், யாங்கோனின் தின்கன்ஜூனில் எங்கள் தெருவிலேயே ஒரு வாரம் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். நான் பள்ளிக்கூட டீச்சர். எனக்கே ஒருவர் பாடம் எடுக்கிறாரே என்று முதலில் எரிச்சலாக வந்தது. ஆனால் நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

அது ஒரே நாளில் முடிகிற சாலைப் பந்தயம். விடியற்காலையில் யாங்கோனின் வடக்கு ஓரத்தில் கிளம்பி, மாவ்பியைத் தாண்டி வயல்களுக்கு நடுவே வெகுதூரம் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். தண்ணீர் கொடுக்க அனுமதித்த இடம் ஒன்றே ஒன்று. திரும்பி வரும்போது, மாவ்பி சந்தைக்கு அப்பால். முதல் மூன்று பேரை மலேசியாவில் ஒரு குழு சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு. தம்பிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த மூன்றில் ஒருவனாக வந்துவிடுவான் என்று ஸயாவே சொல்லியிருந்தார். பயல் தூக்கத்தில்கூடப் பெடல் மிதிப்பான்.

வீட்டில் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தாள். எழுப்பி உட்காரவைக்க, குளிப்பாட்ட, துணி மாற்ற இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேர் நானும் அவனும்தான். அவன் போய்விட்டால் எல்லாம் என் தலையில். அது மட்டுமா? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பொறாமையாகவும் இருந்தது. எங்கேயாவது போய்விட வேண்டும் என்று எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது, யாரும் கேட்கவில்லை. அவன் பெட்டியை எடுத்துத் தூசி தட்டியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "போகாதேடா" என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நின்றிருப்பான். அதைச் சொல்ல என் வீம்பு விடவில்லை.

அன்றைக்கு அம்மாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாவ்பிக்குப் போனேன். வெயிலுக்கு முகம் நிறையத் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, கருப்பட்டியும் உப்பும் எலுமிச்சையும் கலந்த பாட்டிலோடு உச்சி வெயிலில் நின்றேன். முன்னால் ஐந்து பேர் சேர்ந்து வந்தார்கள். நான்காவது ஆள் தம்பி. உதடு வெளுத்து, முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தான். கையை நீட்டினேன். அவன் கை வந்து மோதியது. நான் விடவில்லை.

அரை நொடிதான். பாட்டில் அவன் விரலில் பட்டுச் சாலையில் விழுந்து உருண்டது. பின்னால் வந்தவன் சக்கரத்தில் சிக்காதது கடவுள் புண்ணியம். தம்பி நிற்க முடியாது. நின்றால் மற்றவர்கள் போய்விடுவார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கிப் போக முடியாது. ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

கடைசிக் கொஞ்ச தூரத்தில் இரண்டு தொடையிலும் தசை பிடித்துக்கொண்டு, பதினேழாவதாக வந்தான். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அப்போது நான் செய்ததைக் கேளுங்கள். அத்தனை பேர் முன்னாலும் அவனைத் திட்டினேன். கண்ணை எங்கேடா வைத்திருந்தாய், ஒரு பாட்டிலைப் பிடிக்கத் துப்பில்லையா என்று. ஸயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"என் கைதான்க்கா சரியாப் பிடிக்கல," என்றான் தம்பி. "நீதான் பாவம், எவ்வளவு நேரம் வெயில்ல நின்னே."

அடுத்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். மலேசியாக்காரர்கள் மறுபடி வரவில்லை. தம்பி இப்போது க்யிம்யிண்டைங் படகுத்துறையில் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்கிறான். அந்தப் பந்தய சைக்கிளுக்கே பின்னால் ஒரு கேரியரை மாட்டி, சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டு போய்வருகிறான். அந்தக் கேரியரைப் பார்க்க எனக்கு முகமில்லை.

போன மாதம் ஒருநாள் சொல்லியே தீர்வதென்று முடிவுகட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அன்னைக்கு மாவ்பில நான்தான்டா பாட்டிலை விடல," என்றேன்.

அவன் சிரித்தான். "தெரியும்க்கா. பழக்கமில்லாத கை, பயத்துல இறுக்கிப் பிடிச்சிருக்கும். அதைப் போயி இன்னுமா நெனச்சுக்கிட்டிருக்கே?"

இல்லைடா, வேண்டுமென்றேதான் செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்றுதான் வந்தது. போடு என்று தட்டை நீட்டினான். கை தவறியதற்காக என்னை மன்னித்துவிட்டான். அன்றைக்கு என் கை தவறவே இல்லை.