ஒழுகும் வால்வும் வளையம் டீச்சரும்

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்தும் அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் வளையம் டீச்சர். இதயத்துக்குள் ஏறி இறங்கும் அழுத்தத்தையும், அதிலிருக்கும் ரத்தத்தின் அளவையும் சேர்த்து வரைந்தால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு வளையமாக விழும். அது மண்டையில் ஏறும்வரை அவர் யாரையும் விட்டதில்லை.

மாடிப்படி ஏறினால் அவருக்கே மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியிலுள்ள பெருநாடி வால்வு ஒழுகுகிறது, சீக்கிரம் மாற்றிவிட வேண்டும் என்றார் இதய மருத்துவர். டீச்சர் கணவரையும் அண்ணனையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். மகளோ நிறைமாதக் கர்ப்பிணி.

"நல்லாத்தானே நடமாடுற? பிரசவம் முடியட்டும், குழந்தைக்குத் தலை நிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்மா," என்றார் அண்ணன்.

கணவரும் தலையாட்டினார். "நீ படுத்துட்டா அவளை யாரு கவனிக்கிறது?"

டீச்சர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, சாப்பாட்டு மேசையிலேயே ஒரு வளையம் போட்டார்.

"ஐயோ, மேசை!" என்றார் கணவர்.

"துடைச்சுக்கலாம். இதைப் பாருங்க. இந்தப் பக்கம் செங்குத்தா ஏறுதே, அப்ப இதயத்துல எல்லா வால்வுக் கதவும் சாத்தியிருக்கு. ரத்தத்தோட அளவு மாறாது, அழுத்தம் மட்டும் ஏறும். அந்தப் பக்கம் இறங்குறப்பவும் அப்படித்தான்." வலப்புறம் தள்ளி, பெருத்துச் சரிந்த இன்னொன்றை வரைந்தார். "இது என்னோடது. கதவு சாத்தவே மாட்டேங்குது. வெளியே தள்ளினதுல பாதி திரும்பி உள்ள வருது. அதையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் வீங்குது. வெளிய பாத்தா நல்லாத்தான் இருப்பேன். உள்ள மாடா உழைக்குது."

"கொஞ்ச நாள்தானே..." என்று இழுத்தார் அண்ணன்.

"ரொம்ப வீங்கிட்டா, வால்வை மாத்தினாலும் பழைய அளவுக்குத் திரும்பாமப் போயிடலாம் அண்ணா. நான் உங்களைக் கூப்பிட்டது சொல்றதுக்கு, கேக்கறதுக்கு இல்ல. என் நெஞ்சு இது. கையெழுத்துப் போட்டாச்சு."

அண்ணன் விருட்டென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். டீச்சர் தடுக்கவில்லை.

அறுவை அரங்கின் வாசலில், படுத்திருந்த தள்ளுவண்டியின் கம்பியை அவர் இறுகப் பற்றினார்.

"பயமா இருக்காம்மா?" என்றாள் நர்ஸ்.

"இருக்கு. அதுக்காகத் திரும்பிப் போவேனா? வண்டியைத் தள்ளு."

வால்வு பொருந்தியது. நெஞ்சுத் தையலோடு அவர் படுத்திருந்தபோதே பேத்தி பிறந்தாள். அண்ணன் மனைவி டீச்சருக்குத் துணையிருக்க, பெட்டியோடு மகள் வீட்டில் போய் இறங்கியவர் கணவர்தான்.

"அம்மா, அப்பாவுக்குக் குழந்தையைத் தூக்கவே தெரியலம்மா," என்று போனில் சிணுங்கினாள் மகள்.

"கத்துக்கட்டும்," என்றார் டீச்சர். "கீழ போடாமப் பாத்துக்கோ."