எழுபத்தொரு கிலோ மணல்

எங்கள் கார் பட்டறையில் அவளை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவோம். கொத்தனார் சுவரின் மட்டம் பார்க்க வைத்திருக்கும் அந்தக் கருவி எப்போதும் அவள் பையில் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு மேஜை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். பட்டறை அவளுடைய தாய்மாமனுடையது. நான் அங்கே பெயின்ட் அடிப்பவன். மற்ற வண்டிகளை மாமா பார்ப்பார். இரண்டே இருக்கை உள்ள குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வந்தால் அது அவளுடையது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரம் நிற்கும் கோணம், எல்லாவற்றிலும் அவள் கை பட்டபிறகுதான் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும்.

அப்படி ஒரு சிவப்புக் காரோடு வந்தவர், பாலம் கட்டும் என்ஜினியர். மாமா அவரைப் பாலக்காரர் என்பார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த நான், பால் ஊற்றுகிறவர் இவ்வளவு நல்ல சட்டை போடுகிறாரே என்று ஒரு வாரம் வியந்துகொண்டிருந்தேன்.

மற்றவர்கள் வண்டி சரியில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் அப்படியில்லை.

"வளைவுல பாதி தூரம் ஒழுங்கா வருது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் மட்டும் தனியாக் கிளம்பப் பாக்குது" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பின்சக்கரங்களை ஆடாமல் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்து, இரண்டு சக்கரமும் லேசாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. புஷ்களை மாற்றி, சக்கரங்களை இம்மியளவு உள்நோக்கித் திருப்பினாள். பிறகு நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எடை மேடை வைத்து, அவரை ஏறி உட்காரச் சொன்னாள். ஓட்டுகிறவரின் கனத்தையும் சேர்த்துத்தான் ஸ்பிரிங்குகளின் உயரத்தைத் திருகி வைக்க வேண்டும். அவர் எழுபத்தொரு கிலோ.

மூன்று வருடம், ஞாயிறு காலைகளில் இருவரும் ஏரிக்கரைச் சாலையில் அந்தக் காரைச் சோதித்தார்கள். அவர் ஓட்டுவார், அவள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்பாள். சோதிக்க அப்படி என்னதான் இருக்கிறது என்று மாமா ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது.

"ரெண்டு வருஷந்தான். அதுவரைக்கும் வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"சரி" என்றாள். சாவிக்குக் கையை நீட்டினாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காரை எடை மேடைகளில் ஏற்றுவாள். அவர் இருக்கையில் மணல் மூட்டைகளை அடுக்குவாள். கால்களின் கனத்துக்கென்று ஒரு சின்ன மூட்டை பெடல்களுக்குப் பக்கத்தில். மொத்தம் எழுபத்தொரு கிலோ, ஒரு கைப்பிடி கூடாது, குறையாது. சும்மா நின்றால் வண்டி வீணாகிவிடும் என்று ஞாயிறுதோறும் அவளே ஓட்டினாள். அவளோ ஐம்பத்திரண்டு கிலோ. ஒரு பக்க வளைவில் சாதுவாகப் போகிற கார், மறுபக்க வளைவில் முரண்டு பிடிக்கும்.

"உன் எடைக்கு மாத்திக்கயேம்மா. ஓட்டுறது நீதான?" என்றார் மாமா.

"அவர் வந்தா?"

"வந்தா திருப்பி மாத்து. ஒரு மணி நேர வேலை."

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனாள். மாமா என்னைப் பார்த்தார். நான் பெயின்ட் டப்பாவுக்குள் எதையோ தேடினேன்.

மற்றவர்களின் போனை எண்ணெய்க் கையோடு எடுப்பாள். அவர் போன் என்றால் கையைக் கழுவிவிட்டு எடுப்பாள். பேச்சு காரைப் பற்றித்தான். வாரம் ஒன்று மாதம் ஒன்றாகி, பிறகு எப்போதாவது என்றானது.

ஆறாவது வருடம் வந்தார். காதோரம் நரைத்திருந்தது.

"கல்யாணம் ஆயிடுச்சு. பொண்ணுக்கு ரெண்டு வயசு. மூணு பேருக்கு இதுல இடம் இல்லையே. நீங்களே வச்சுக்கங்க, பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்திருக்கேன்."

"ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுக் குடுங்க" என்றாள்.

ஏரிக்கரையில் நடந்ததை அவள்தான் பிறகு என்னிடம் சொன்னாள். பாதி வழியில் அவர், "போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாராம்.

"என்ன?"

"கேக்கல."

அவள் சாலையையே பார்த்திருக்கிறாள். "அடுத்த வளைவு இறுக்கமா இருக்கும். கியரைக் குறைங்க."

அவர் போனபின் மூன்று வாரம் அந்தக் காரை அவள் தொடவில்லை. பிறகு ஒரு மத்தியானம் மூட்டைகளை இறக்கினாள். ஓட்டுநர் இருக்கையில் தானே உட்கார்ந்துகொண்டு, மேடைகளில் தெரிந்த எண்களை என்னை வாசிக்கச் சொன்னாள். இறங்கித் திருகுவாள், மறுபடி ஏறுவாள். பொழுது சாயும்வரை அதே வேலை.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புது" என்றாள். "கைதான் அந்த முரண்டத் தேடுது."

இப்போது ஏரிக்கரைக்குப் போவதில்லை, மலைப்பக்கம் போகிறாள். போன மாதம் மாமாவையும் அழைத்துப் போனாள். வழி நெடுகக் கதவுப் பிடியை விடாமல் உட்கார்ந்திருந்த மனிதர், பட்டறை வாசலில் இறங்கியதும் சொன்னார்: "அந்த ஆளு அன்னைக்கே கேட்டிருக்கணும்."

"நானுந்தான் கேக்கல, மாமா" என்றாள் அவள். பிறகு பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு, என்ஜின் சூடு தணியட்டும் என்று பக்கத்திலேயே நின்றாள்.