ஒன்பது கிலோமீட்டர் புழுதி

புத்தம் புதுத் தார் ரோட்டைப் பார்த்து அழுத ஒரே தர்மபுரிக்காரி என் தங்கை கோமதியாகத்தான் இருப்பாள். போன செவ்வாய்க்கிழமை, மாரண்டஹள்ளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஜீப்பை விட்டு இறங்கி நடு ரோட்டில் நின்று அழுதாள். ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். யாரால் என்றும்... தெரியும்.

கோமதி நல்லம்பள்ளியில் கணக்கு டீச்சர். சனி, ஞாயிறு வந்தால் தலையில் ஹெல்மெட்! கார் ராலியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இடது வளைவு... பள்ளம்... மேடு" என்று நோட்டைப் பார்த்துக் கத்துகிற வேலை. ராலியில் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். முந்த வேண்டியது பக்கத்து வண்டியை அல்ல, கடிகாரத்தை. அதுவும் இவளுடையது மண் ரோட்டு ராலி. புழுதி எவ்வளவோ அவ்வளவு குஷி!

எட்டு வருஷமாக நண்பர்களோடு சேர்ந்து இங்கே ஒரு ராலி நடத்துகிறாள். அதை ஒரு சர்வதேச சாம்பியன்ஷிப்பில் சேர்த்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. ஒருவழியாக, ரோட்டைப் பார்க்க ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் வருவதாக மெயில் வந்தது. வீட்டுக்குள்ளேயே குதித்தாள். நானும் குதித்தேன், எதற்கென்று முழுசாகப் புரியாமலே.

அவருக்குக் காட்ட வேண்டிய ரோட்டை ஏற்கெனவே தேடிப் பிடித்து வைத்திருந்தாள். ஒன்பது கிலோமீட்டர். ஒரு சொட்டுத் தார் இல்லை. "இவ்ளோ அழகான மோசமான ரோடு எங்க தேடுனாலும் கெடைக்காதுக்கா" என்று பூரித்துப்போவாள்.

என் வாய் சும்மா இருக்குமா? அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் மாதம்மா எனக்குப் பழக்கம். போன் போட்டுவிட்டேன்.

"மாதம்மா, உங்க ஊருக்கு ராலி வரப்போவுது! வெளிநாட்டு ஆபீசர் வர்றாரு!"

"ராலின்னா பேரணிதானுங்களே? எந்தக் கட்சிங்கக்கா?"

"கட்சியில்ல, கார்! உங்க ரோட்டப் பாக்கறதுக்குன்னே வர்றாரு."

"எங்க ரோட்டையுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆறு வருஷமாக அந்த ரோட்டுக்கு மனு கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அனுமதி கிடைத்தும் வேலை நகராமல் கிடந்தது. 'வெளிநாட்டு ஆபீசர் வருகிறார்' என்று ஒரே ஒரு வார்த்தை! ஐந்தே வாரத்தில் ரோடு ரெடி. அந்த ஐந்து வாரமும் கோமதி பப்ளிக் எக்ஸாம் டூட்டியில் மாட்டிக்கொண்டதால் அந்தப் பக்கமே போகவில்லை.

செவ்வாயன்று ஜீப் திரும்பியதும்... வழவழவென்று தார்! மேளம் அடிக்கிறார்கள். மாதம்மா ஆய்வாளர் கழுத்தில் மாலை போடுகிறார்.

"சாரோட ஷூவுல புழுதி படலாமுங்களா? அதான் சுத்தமா போட்டுட்டோம்!"

கோமதி என் பக்கம் திரும்பினாள். "அக்கா... நீ வாயத் தொறந்தியா?"

நான் மேளக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வாளர் தங்கமான மனுஷர். மறுநாள் ஒகேனக்கல்லில் மீன் வறுவலை ஒரு கை பார்த்துக்கொண்டே கோமதியைத் தேற்றினார். ஒரு ராலி சாம்பியன்ஷிப்பில் சேர ரோடு மட்டும் போதாதாம். பக்கத்தில் ஆஸ்பத்திரி, தங்க ஹோட்டல், அரசாங்கத்தின் சம்மதம், ஊர்க்காரர்களின் சம்மதம் எல்லாம் வேண்டும். வெளியேறவோ, ஏதாவது ஒன்று தவறினால் போதும். செலவைத் தாங்கியவர் கையை விரித்தால் போச்சு. வேடிக்கை பார்க்கிறவர்கள் வளைவில் வந்து நின்றால் போச்சு. பனியில் ஓட்டுகிற ராலிக்குப் பனியே பெய்யாவிட்டாலும் போச்சு!

"தார் ரோட்டு ராலியும் உண்டு. வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்" என்றார்.

கோமதி முகத்தில் பல்பு எரிந்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்... ஆமாம், மறுபடியும் போன் போட்டேன். "வெள்ளிக்கிழமை அவரு உங்க ரோட்டுல பறக்கப்போறாரு மாதம்மா!"

வெள்ளிக்கிழமை. ஆய்வாளர் ஓட்டுகிறார், பக்கத்தில் கோமதி, பின்சீட்டில் நான். முதல் இருநூறு மீட்டர் சொர்க்கம். அப்புறம் டமால்! என் தலை கூரையில் இடித்தது.

ஸ்பீடு பிரேக்கர். அடுத்த வளைவில் இன்னொன்று. கோயிலுக்கு முன்னால் ஒன்று, மாதம்மா வீட்டு முன்னால் ஜோடியாக இரண்டு. மொத்தம் பதினொன்று! ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை.

"பறப்பாருன்னு அக்கா சொன்னாங்க. ஆடு மாடு, புள்ளைங்கல்லாம் நடமாடுற எடம்ங்க" என்றார் மாதம்மா.

ஆய்வாளர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். ரோடு மாறியதால் ராலிகள் வெளியேறியதுண்டாம். உள்ளே வருவதற்கு முன்பே வெளியேறிய ராலியை இப்போதுதான் பார்க்கிறாராம். "இந்த வருஷம் முடியாது. வேறு மண் ரோடு இருந்தால் அடுத்த வருஷம் கூப்பிடுங்கள்."

விஷயம் புரிந்ததும் மாதம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "எங்களால உங்க ஆசை கெட்டுப்போச்சுங்களே டீச்சர்?"

அப்போது ஒரு தக்காளி வேன் வந்தது. ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, மாரண்டஹள்ளிப் பக்கம் போனது. முன்பெல்லாம் அந்த ஒன்பது கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் பாதிப் பெட்டி நசுங்கிவிடும் என்று மாதம்மா சொல்லியிருக்கிறார்.

கோமதி அந்த வேன் மறைகிறவரை பார்த்தாள். பிறகு மாதம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கெட்டெல்லாம் போவலம்மா. தக்காளி நசுங்காம போவுதில்ல? எனக்கு வேற ரோடு கெடைக்கும்."

சொன்னவள் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதற்கப்புறம் என் போன் ஓயவில்லை. நாலு ஊர்க்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். "அந்த வெளிநாட்டுக்காரர எங்க ரோட்டுக்கும் ஒருதரம் கூட்டியாங்கக்கா!"

கோமதி இப்போது புது மண் ரோடு தேடுகிறாள். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் அவளுக்கு எழுதுங்கள்... தயவுசெய்து என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!