எங்கள் பக்கத்துப் பாதி

என் தங்கையின் கல்யாணம் ஆறு வருஷம் ஒரு பாலத்துக்காகக் காத்திருந்தது. மாப்பிள்ளை தயார், பெண் தயார், இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பாலம்தான் வரவில்லை. அந்தப் பாலத்தின் ஃபைல் என் மேஜைமேல் இருந்தது. அதனால் வீட்டில் யாருக்கு எரிச்சல் வந்தாலும் அது என்னிடம்தான் வந்து சேரும்.

அப்போது நான் செஞ்சியில் ரோட்டு ஆபீஸில் குமாஸ்தா. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டடம். மத்தியானமானால் மலையின் வெக்கை உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஆபீஸின் பொறுப்பு கிழக்கே ஆறுவரை போனது. செஞ்சியில் எங்கள் வீட்டைத் தாண்டி ஓடுகிற அதே ஆறுதான், அங்கே போகும்போது அகன்றுவிடும். அதன் நடுவோடு பிரெஞ்சுக்காரர் ஆட்சி தொடங்கிவிடும். செஞ்சிப் பக்கத்து வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, மூட்டை மூட்டையாக அதைக் கடந்துதான் புதுச்சேரித் துறைமுகத்துக்குப் போக வேண்டும். கோடையில் வண்டிகள் மணலில் புதையும். மழைக்காலத்தில் கரையிலேயே நின்றுவிடும். அதனால் இரண்டு சர்க்காரும் ஆளுக்குப் பாதிச் செலவு போட்டு ஒரு பாலம் கட்டுவது என்று பேச்சாகியிருந்தது. பத்துக் கமான், அதாவது பத்துக் கல் வளைவு. ஐந்து எங்களுக்கு, ஐந்து அவர்களுக்கு.

மாப்பிள்ளை வீடு அக்கரையில், கரையை ஒட்டிய கிராமம். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் நைனாவுக்குத் தூரத்து அக்கா முறை, எனக்கு அத்தை. செஞ்சியில் பிறந்து அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். அவளைப் பெற்றவள் இங்கே சாகக் கிடந்தது ஒரு ஐப்பசியில். அத்தை மூன்று நாள் அக்கரையில் உட்கார்ந்து வெள்ளத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அதை அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. பெண் கேட்டு வந்த அன்று மட்டும் என் அம்மாவிடம் சொன்னாள்.

"உம் பொண்ணு மேல எனக்கு உசுரு. அதனாலதான் சொல்றேன். பாலம் வரட்டும், அப்புறமாக் கூட்டிட்டுப் போறேன். எனக்கு ஆனது இதுக்கு ஆவக் கூடாது."

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. நைனா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இனி தனக்கு என்ன ஆனாலும் மகள் வந்து சேர வேண்டும் என்ற நினைப்பு அவளுக்கும் இருந்தது. போதாக்குறைக்கு நான் வேறு, ஆபீஸ்காரன் என்ற மிடுக்கில், "ரெண்டே வருஷம் அத்தை, வந்துடும்" என்றேன். அப்போது எனக்கு வேலை புதிது. காகிதத்தில் எழுதினால் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

பிறகு யுத்தம் முற்றியது. இரும்பு இல்லை, சிமெண்ட் இல்லை, இருந்த பணமெல்லாம் வேறெங்கோ போனது. நான் மாதம் ஒரு ரிமைண்டர் எழுதினேன். அது விழுப்புரம் போய், கடலூர் போய், சென்னை போய், அங்கிருந்து அக்கரைச் சர்க்காருக்குப் போகும். பதில் வருவதற்குள் எழுதியவனுக்கே மறந்துபோகும். சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போதே அம்மா கேட்பாள், "இன்னிக்கு இன்னா வந்துது?" ரிமைண்டர் போட்டிருக்கிறோம் என்பேன். ஜல்லி, சுண்ணாம்பு மாதிரி அதுவும் பாலம் கட்டுகிற சாமான் என்று அவள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ ரிமைண்டர் போட்டும் பத்தலியா?" என்று ஒருநாள் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. தங்கை அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று.

இருபத்தைந்து ஆனபோது சிரிப்பது குறைந்துவிட்டது. திண்டிவனத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்த இரண்டு இடங்களை, அக்கரையில் பேசி வைத்திருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தோம். மாதா கோயிலில் சிறு வயதில் அவளோடு முதல் நன்மை வாங்கியவர்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பூசைக்கு வந்தார்கள். அவள் என்னைக் குத்திப் பேசியதில்லை. "உன் பாலத்துக்கு ஒடம்பு எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்பாள். எனக்கு அந்த ஃபைலைத் தொடவே அலுப்பாக இருக்கும்.

யுத்தம் முடிந்ததும் எங்கள் பக்கத்துப் பணம் திடீரென்று வந்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது. மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். அக்கரையில் அவர்கள் ஒரு கல்கூட நகர்த்தியிருக்கவில்லை. காத்திருக்கலாமா என்று மேலே கேட்டோம். கிராண்ட் வீணாகக் கூடாது, வேலையைத் தொடங்கு என்று உத்தரவு. பத்துக் கமான் பாலத்தில் ஐந்தை மட்டும் கட்டி ஆற்று நடுவில் நிறுத்துவது சரிதானா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த உத்தரவைப் பிரதி எடுத்தவன் நான்தான்.

செஞ்சி மலைக் கல்லை வண்டி வண்டியாக ஏற்றிக் கொண்டுபோனார்கள். வேலை பார்த்த ஓவர்சியர் அதிகம் பேசாத மனுஷர். பில் விஷயமாக ஒருமுறை ஆற்றுக்குப் போனபோது, நடு ஆற்றில் எழும்பிய கடைசித் தூண் மற்றத் தூண்களைப் போல இரண்டு மடங்கு பருமனாக இருப்பதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன்.

"ஒரு கமானை இன்னொரு கமான் தள்ளிக்கிட்டுத்தான் நிக்கும். அந்தாண்டயிலிருந்து தள்ள ஆள் இல்லன்னா, இது தானாத்தான் நின்னாவணும்."

"அப்படின்னா அவங்க பாதி வராதுன்றீங்களா?"

"நான் கல்லு கட்டறவன் சார். வந்தா நல்லது."

அந்த மாசியில் அக்கரைச் சர்க்காரிடமிருந்து ஒரு கடிதத்தின் நகல் எங்கள் ஆபீஸுக்கு வந்தது. முழுதும் பிரெஞ்சு. மேலிடத்தில் மொழிபெயர்த்து அனுப்பப் பல மாதம் ஆகும் என்பதால், எங்கள் கோயில் சாமியாரிடம் காட்டிக் கேட்டு வரச் சொன்னார்கள். அவர் பிரெஞ்சுக்காரர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். எங்களைவிடச் சுத்தமான தமிழில் சொன்னார்.

"யுத்தத்தில் எங்கள் தேசமே இடிந்து கிடக்கிறது அல்லவா. பணம் இல்லை என்கிறார்கள். வேலையைக் காலவரையறை இல்லாமல் தள்ளி வைக்கிறார்கள்." கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "உன் தங்கையின் காரியம் இதில்தான் இருக்கிறது, இல்லையா?" என்றார்.

ஆமாம் என்றேன். வீட்டுக்குப் போனேன். தங்கை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்தாள். நான் நேராக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

பாஸ்குத் திருநாள் முடிந்து சித்திரையில் அத்தை பாலத்தைப் பார்க்க வந்தாள். எங்கள் பக்கத்து ஐந்து கமானும் முடிந்திருந்தன. நானும் அம்மாவும் செஞ்சியிலிருந்து போயிருந்தோம். ஆற்றில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லை. அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கரையிலிருந்து நடந்தே வந்து, கடைசித் தூணின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"எல்லாக் காலும் ஒரு மாதிரி இருக்குது, இது மட்டும் இன்னாத்துக்குடா இம்மாம் பெருசு?"

"நடு ஆத்துல வேகம் ஜாஸ்தி அத்தை."

"எங்க பாதி எப்போ?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு முடி முழுவதும் வெளுத்திருந்தது. எனக்கு எல்லாம் சலித்துப்போயிருந்தது. இன்னொரு ஆறு வருஷம் ரிமைண்டர் எழுத என்னால் ஆகாது, இன்னொரு ஆறு வருஷம் தங்கை அந்தக் கிணற்றடியில் நிற்பதைப் பார்க்கவும் ஆகாது.

"சாங்ஷன் ஆயிடுச்சு அத்தை. கடுதாசி வந்துச்சு. சாமியாரே படிச்சுச் சொன்னாரு. வர்ற தையில ஆரம்பிக்கிறாங்க."

அத்தை என்னைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. அவள் தூணைக் கையால் தட்டிப் பார்த்தாள். "நீ அந்த ஆபீஸுலயே கீற. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அங்கேயே நாள் பேசி முடித்தோம்.

மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது சாமியார் என்னை நிறுத்தி, "மாப்பிள்ளையின் அம்மாளிடம் கடிதத்தைச் சொன்னாயா?" என்றார். சொல்லிவிட்டேன் சாமி என்றேன். அதன் பிறகு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நான் வேறு ஊர்க் கோயிலைத் தேட வேண்டியதாயிற்று. கல்யாணம் வைகாசியில் நடந்தது. பெண் வண்டி பாலத்தின்மேல் போகவில்லை, போக வழியும் இல்லை. பக்கத்தில் மணலில் இறங்கித்தான் அக்கரை ஏறியது. தங்கை கையாட்டினாள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

தை வந்தது, போனது. "அடுத்த தை" என்று சொல்லி அனுப்பினேன். அதற்கிடையில் இங்கே கொடி மாறியது. ஆட்சி மாறியதால் பழைய கடிதங்களையெல்லாம் முதலிலிருந்து எழுத வேண்டும் என்றார்கள். எழுதினேன்.

அடுத்த ஐப்பசியில் அம்மாவுக்கு விஷக்காய்ச்சல். இரண்டாவது வாரம் ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலம் பூசினார். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. "தங்கச்சியக் கூட்டிட்டு வாடா" என்றாள்.

விடிந்ததும் கரியில் ஓடுகிற பஸ்ஸில் கிளம்பினேன். வழியெல்லாம் ஏரிகள் உடைந்து கிடந்தன. சுற்றிக்கொண்டு ரயிலில் போகலாம் என்றால் தண்டவாளத்தையும் தண்ணீர் அரித்துவிட்டது என்றார்கள். கடைசி நாலு மைல் சேற்றில் நடந்து மத்தியானம் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். இரு கரையும் தொட்டுக்கொண்டு செம்மண் தண்ணீர். எங்கள் பாலம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அதன்மேல் ஐந்தாவது கமானின் முனை வரைக்கும் நடந்தேன். அதற்கு மேல் தண்ணீர்தான்.

அக்கரையில் வெள்ளம் பார்க்க வந்தவர்கள் நின்றார்கள். அத்தை வீட்டுப் பேரைச் சொல்லிக் கத்தினேன். யாரோ ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் தங்கை கோணிப்பையை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் அத்தை. தங்கை நிற்காமல் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கிவிட்டாள். அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு இன்னாணா?"

காற்றில் பாதி வந்தது, பாதி வரவில்லை. உண்மையைச் சொன்னால் அடுத்த அடியும் எடுத்து வைப்பாள் என்று பயந்தேன். பாலம் வரும் என்று என்னை நம்பிய அத்தையின் முகம் அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. அதற்காகவும் உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது, அதை இப்போது மறைப்பானேன்.

"நல்லாயிருக்குது" என்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினேன். "சும்மா பாக்கத்தான் வந்தேன். நீ வீட்டுக்குப் போ."

அத்தைதான் முதலில் தலையை ஆட்டினாள். அவளைக் கரையேற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். தங்கை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பாலத்து முனையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன்.

மறுநாள் காலை வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டாளா?" என்றாள். "வந்துட்டே இருக்கிறாம்மா" என்றேன். ஆபீஸில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிப் பழகின பதில் அது. அன்று பகலிலேயே அம்மா போய்விட்டாள். அடக்கம், எட்டாம் நாள் பூசை எல்லாம் முடிந்தும் ஆறு வடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் தங்கை வந்தாள். சொல்லி அனுப்ப எனக்கு இன்னும் ஆள் கிடைத்திருக்கவில்லை. தண்ணீர் இடுப்புக்கு இறங்கியதும் தானாகவே கிளம்பியிருக்கிறாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். அம்மாவின் கட்டில் கவிழ்த்துச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தது. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் படித்த கடிதம், தூணடியில் அத்தையிடம் சொன்னது, அன்று பாலத்தில் நின்று கத்தியது. அவள் முடியும்வரை கேட்டாள்.

"கடுதாசி போவட்டும்ணா. அன்னிக்கு நீ பொய் சொன்னது எனக்கு அப்பவே தெரியும். நல்லாயிருந்தா நீ எதுக்கு அவ்ளோ தொலைவு வந்து தண்ணி நடுவுல நிக்கப் போற?"

நான் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் மொண்டு வந்து வைத்தேன்.

"ஆனா அத்தை நம்பிட்டாங்க. நான் அழ ஆரம்பிச்சாலே வாயைப் பொத்துவாங்க. உங்கண்ணன் நல்லாயிருக்குதுன்னு சொன்னான் இல்ல, உசுரோட இருக்கிறவளுக்கு அழுவாதடின்னு. பன்னெண்டு நாளா என்னை யாரும் அழ விடலணா."

அதைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.